கோப்பைக்கு சார்ஜ் போட்டாச்சா தம்பி?

தம்பி, மனுசனுக்குக் கவலைக்கா பஞ்சம்? வீட்டு வாடகை இருக்கு. பிள்ளை படிப்பு இருக்கு. முட்டி வலி இருக்கு. இதெல்லாம் போதாதுன்னு உங்க தலைமுறைக்குப் புதுசா ஒண்ணு வந்து சேந்திருக்கு. கோப்பி ஆறிப் போகுதாம்!

நான் கேக்குறேன், கோப்பி ஆறாம வேற என்னா செய்யும்? கொதிச்சதெல்லாம் ஒரு நேரம் ஆறித்தானே ஆவணும்? கோவத்துல கொதிக்கிற மனுசனே பொழுது சாயறதுக்குள்ள ஆறிடுறான். கோப்பி எம்மாத்திரம்?

ஆனா அமெரிக்காக்காரன் விடுவானா? கலிபோர்னியாவுல கிளேய் அலெக்சாண்டர்னு ஒருத்தரு, எம்பர்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு. 2016ல கையில கொண்டு போற குவளை ஒண்ணு கடைக்கு வந்துச்சு. அப்ப அதோட வெல 150 டாலர். மறு வருசம் மேசையில வெக்கிற கோப்பை வந்துச்சு. அது அப்ப 80 டாலர். நம்ம காசுக்கு 300 வெள்ளிக்கு மேல. கோப்பைக்கு மட்டும், தம்பி. கோப்பி அதுல சேத்தி இல்ல. அத நீதான் ஊத்திக்கணும்.

அப்படி என்னாதான் இருக்கு அதுல? சொல்றேன் கேளு. வெளிய பாத்தா சும்மா வெள்ளக் கோப்பை. உள்ள சூடு குடுக்குற கம்பி, சூடு பாக்குற கருவி, ஒரு பேட்டரி, குட்டியா ஒரு கம்ப்யூட்டர். அது புளூடூத்துல உன் ஹேண்ட்போனோட பேசும். 50 டிகிரிக்கு முன்னப் பின்ன ஆரம்பிச்சு 62, 63 வரைக்கும் உனக்கு எது வேணுமோ அத போன்ல தட்டி வெச்சுக்கலாம். கோப்பி அந்தச் சூட்டுக்கு வந்தா போன் சேதி அனுப்பும். 'ஐயா, தங்கள் கோப்பி பதத்துக்கு வந்துவிட்டது.'

இதுல ஒரு வேடிக்கை கவனிச்சியா? கோப்பிய ஊத்தும்போது அது 80 டிகிரிக்கு மேல சுடுது. நீ கேட்டது 57. அப்ப மொதல்ல கொஞ்ச நேரம் அந்தக் கோப்பை என்னா செய்யும்? சும்மா உக்காந்து ஆற விடும். எங்க ஆத்தா வெச்சிருந்த தகர மங்கு செஞ்ச அதே வேலை. அதுக்கு ஆத்தா குடுத்த வெல அம்பது காசுகூட இருக்காது.

அப்புறம் பேட்டரி. சின்னக் கோப்பையில ஒண்ணரை மணி நேரம் தாங்குமாம். அதுக்கு மேல வேணும்னா சார்ஜ் தட்டு மேலயே வெச்சிருக்கணும். மைக்ரோவேவ்ல வெக்கக் கூடாது. கழுவுற மெசின்ல போடக் கூடாது. பாத்துப் பாத்துக் கையாலதான் கழுவணும். அப்பப்ப அப்டேட் வேற வரும். கோப்பைக்கு அப்டேட்! உனக்கு வேலை செய்யக் கோப்பை வாங்கினியா, கோப்பைக்கு வேலை செய்ய நீ சேந்தியா?

2023ல இன்னொரு படி மேல போயிட்டான். அந்தப் பயணக் குவளை காணாமப் போனா ஐபோன்ல தேடலாம். படத்துல எங்க கெடக்குதுன்னு காட்டும். பினாங்கு கோப்பிக் கடையில வருசம் பூரா கோப்பை கெடக்குது. எவனாச்சும் ஒரு நாள் தொலைச்சிருக்கானா? குடிச்சுட்டு மேசையில வெச்சுட்டுப் போறோம். கடைக்காரன் எடுத்துக் கழுவுறான். கோப்பையச் சொத்தா நெனச்சாத்தான் தொலைஞ்சு போற பயம்.

சரி, இது பனி கொட்டுற ஊருல இருக்கிறவனுக்குன்னு வெச்சுக்குவோம். அவன் வெளிய கோப்பிய நீட்டினா ரெண்டு நிமிசத்துல சில்லுன்னு போயிடும். பாவம், வாங்கிக்கட்டும். நீ எங்க இருக்கே? ஜோர்ஜ் டவுன்ல. வருசம் முச்சூடும் மத்தியானம் 31, 32 டிகிரி. சூலியா ஸ்திரீட்டுல நாலு கடை தாண்டி நடந்தா சட்டை முதுகோட ஒட்டிக்கும். இந்த ஊருல சூட்டுக்கு ஆள் வெச்சு மெஷின் பூட்டணுமா?

ஆனா உன் கோப்பி ஆறத்தான் செய்யுது. ஏன்னு நான் சொல்லட்டா? ஏர்கோன் தம்பி, ஏர்கோன்! வெளிய 32 இருக்கும்போது உள்ள 18ல வெச்சுட்டு, மேல ஒரு கம்பளிச் சட்டையும் போட்டுட்டு உக்காந்திருக்கே. அந்த ஏர்கோன் என்னா செய்யுது? அறையில இருக்கிற சூட்டையெல்லாம் இழுத்து வெளிய அஞ்சடி நடையில போறவன் மூஞ்சியில அடிக்குது. அதுல உன் கோப்பிச் சூடும் போகுது. போன சூட்டத் திரும்பக் கொண்டாற இன்னொரு மெஷின் கோப்பைக்குள்ள. ரெண்டுக்கும் கரண்டு பில் உன் பேர்ல. பிள்ளையக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுற கதைன்னு சொல்வாங்களே, அது இதுதான். ஏர்கோன ஆறு டிகிரி ஏத்தி வெச்சேன்னா கோப்பியும் கொஞ்சம் தாங்கும், பில்லும் குறையும், கம்பளிச் சட்டையும் மிச்சம். இத எந்த ஆப்பும் உனக்குச் சொல்லாது. சொன்னா கோப்பை எப்படி விக்கும்?

நீ பாயான் லெப்பாஸ்ல எஞ்சினியர்னு கேள்விப்பட்டேன். சந்தோசம். 1972ல அங்க தொழிற்பேட்டை தொறந்தப்ப இன்டெல்காரன் வந்து கொட்டகை போட்டான். அமெரிக்காவுக்கு வெளிய அவனுக்கு அதுதான் மொத பேக்டரி. எங்க தோட்டத்துப் பொண்ணுங்க எத்தனை பேரு பஸ் ஏறிப் போயி மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சு அந்தச் சில்லுகளுக்குக் கம்பி கட்டினாங்க தெரியுமா? உலகத்துக் கம்ப்யூட்டருக்கெல்லாம் மூளை வெச்சு அனுப்புற ஊரு இது. அந்த ஊருல பொறந்தவனுக்குக் கோப்பி சுடுதா ஆறிப்போச்சான்னு பாக்க ஒரு கம்ப்யூட்டர் வேணுமா? வெரல வெச்சுப் பாருடா. ஆண்டவன் பத்து குடுத்திருக்கான். சார்ஜ் தேவையில்ல.

இந்த ஊருக்காரன் சூட்டுல என்னென்ன வித்தை பண்ணியிருக்கான்னு நீ கவனிச்சதே இல்ல. மாமாக் கடையில போயி நில்லு. தே தாரிக் போடுறவர் கைய மட்டும் பாரு. வலது கைக் குவளை தலைக்கு மேல போகும். இடது கைக் குவளை இடுப்புக்குக் கீழ எறங்கும். நடுவுல தேத்தண்ணி ஒரு கயிறா நிக்கும். ஒரு சொட்டு வெளிய போகாது. நாலு தடவ இழுத்தா மேல நுரை கட்டிக்கும், கொதிச்சது வாய்க்குத் தோதா எறங்கிடும். எதுக்கு இழுக்குறாரு? உனக்கு வேடிக்கை காட்டவா? கூலி வேலைக்குப் போறவன் நின்னுக்கிட்டுக் குடிச்சுட்டு ஓடணும். அவன் நாக்கு சுடக்கூடாது. அதுக்காக. தமிழ்நாட்டுப் பக்கம் டபரா செட் வெச்சு ஆத்துறாங்க பாரு, அதுவும் இதே கணக்குதான். நம்ம ஆளுங்க மூளையெல்லாம் ஆத்துறதுக்குச் செலவாச்சு. நீ 300 வெள்ளி குடுத்து ஆறாம இருக்க வழி தேடுறே.

சீனன் கோப்பிக் கடைக்கு வா. ஹைனான்காரங்க கடை. வெள்ளக்காரன் வீட்டுல சமையல் பாத்தவங்க பின்னால கோப்பிக் கடை போட்டாங்க. கொட்டைய சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பாங்க. துணிப் பையில வடிகட்டி, நீட்டு மூக்கு வெச்ச கெண்டியிலேருந்து ஊத்துவாங்க. ஆனா நீ கோப்பையப் பாரு. வெரல் தடிமனுக்குப் பீங்கான். அது சும்மா அலமாரியில கெடக்காது. கொதிக்கிற தண்ணித் தொட்டியில முங்கிக் கெடக்கும். ஆர்டர் வந்ததும் இடுக்கியில எடுத்து, ஒரு உதறு உதறி, அடியில கெட்டிப் பால விட்டு, மேல கோப்பி ஊத்துவாரு. கோப்பை சூடா இருக்கு, தடியா இருக்கு, கோப்பிச் சூட்டத் திருடாது. சூடு தாங்குற கோப்பைய அந்த அங்கிள் எப்பவோ கண்டுபிடிச்சுட்டாரு. பேட்டரிதான் போடல.

கீழ ஒரு தட்டு இருக்கே, அது எதுக்கு? அழகுக்குன்னா நெனச்சே? ரொம்பச் சுட்டா கோப்பிய அதுல ஊத்தி உறிஞ்சு. அகலமாப் பரவும், அரை நிமிசத்துல ஆறும். சூடு நிக்கணுமா? அதே தட்ட எடுத்துக் கோப்பை மேல கவுத்து வெய்யி. கோப்பிச் சூடு நெறைய ஆவியாத்தான் தப்பிச்சு ஓடுது. மூடினா எங்க ஓடும்? ஒரே தட்டு, கீழ வெச்சா ஒரு வேலை, மேல வெச்சா இன்னொரு வேலை. இதுக்கு ஆப் இருக்கா? பாஸ்வேர்டு இருக்கா?

கேம்பல் ஸ்திரீட் சந்துல தோ சூன் கடை இருக்கே, அங்க எண்ணெய் டிரம்முல கரி போட்டு ரொட்டி சுடுறாங்க. அதே நெருப்பு மேல தண்ணியும் கொதிக்குது. ஒரு கரியில ரெண்டு காரியம். வெளிநாட்டுக்காரன்லாம் வரிசையில நின்னு படம் பிடிக்கிறான். 2008ல யுனெஸ்கோக்காரன் ஜோர்ஜ் டவுன உலகப் பாரம்பரியம்னு சொன்னதுலேருந்து இந்தச் சந்துகளுக்கு மவுசுதான். நீ மட்டும் அங்கயும் போயி உன் கோப்பையப் பையிலேருந்து எடுக்காத. நான் உன்ன யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன், ஆமா லா.

டிகிரி வெச்சுக் கேக்கணும்னு ஆசையா? அதுக்கும் நம்ம ஊருல வழி இருக்கு. வாயத் தொறந்து சொல்லணும், அவ்வளவுதான். 'அண்ணே, தே ஓ, கூராங் மானிஸ்.' 'கோப்பி ஓ காவ்.' 'தே சி.' சுட்டா பானாஸ். வெதுவெதுன்னா சுவாம். ஜில்லுன்னா பிங். சீனி, பால், கெட்டி, சூடு எல்லாத்துக்கும் தனித்தனியா செட்டிங் இருக்கு. பெரிசுங்க வந்து 'ஆயர் சுவாம்'னு சொன்னா பச்சத் தண்ணியும் சுடுதண்ணியும் கலந்து பதமாக் கொண்டாந்து வெக்கிறான். அவன் கையில தெர்மாமீட்டரப் பாத்தியா நீ? கோப்பி ஆறியே போச்சுன்னு வெய்யி. அழுவாத. ரெண்டு கட்டி ஐஸ் போடச் சொல்லு. கோப்பி பிங் ஆயிடும். கதை முடிஞ்சுது.

சூட்டப் பிடிச்சு வெக்கிறது ஒண்ணும் புது வித்தை இல்ல. 1892ல ஜேம்ஸ் டூவர்னு ஸ்காட்லாந்துக்காரர் ரெண்டு சுவர் வெச்ச கண்ணாடிக் குடுவை பண்ணினாரு. நடுவுல இருந்த காத்த உறிஞ்சி எடுத்துட்டாரு. சூடு தாண்டிப் போகப் பாலமே இல்ல. அவரு கோப்பிக்காகப் பண்ணல. பயங்கரக் குளிர்ல தண்ணியா மாறின வாயுவ வெச்சுக்கப் பண்ணினாரு. இத வீட்டுக்கு வித்தா நல்லா ஓடும்னு ஜெர்மன்காரங்களுக்குத் தோணுச்சு. 1904ல தெர்மாஸ் கம்பெனி வந்துச்சு. டூவர் காப்புரிமை வாங்கி வெக்கல. கோர்ட்டுக்குப் போயும் தோத்தாரு. படிச்ச மனுசன் சூட்டக் காப்பாத்தினாரு, காசக் காப்பாத்தத் தெரியல. ஆனா அவர் குடுவை இன்னைக்கு வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கு. காலையில ஊத்தின சுடுதண்ணி சாயங்காலமும் சுடுது. பேட்டரி எங்க? சார்ஜ் தட்டு எங்க? ஒண்ணுமே இல்லாத ஒரு எடம் நடுவுல நின்னு வேலை பாக்குது. ஒண்ணுமே இல்லாததுக்கு கரண்டு பில் வராது பாரு.

எங்க காலத்துல தாப்பாவ், அதான் கட்டிக்கிட்டுப் போறது, எப்படித் தெரியுமா? கெட்டிப் பால் டின் காலியானா தூக்கிப் போட மாட்டான் கடைக்காரன். மூடிய முக்காவாசி வெட்டி, மீதிய நிமித்தி, அதுல ஓட்டை போட்டு ஒரு கயிறக் கோத்து முடிச்சுப் போடுவான். கோப்பிய ஊத்தி மூடிய அமுத்தினா சூடு உள்ள. கயிற வெரல்ல மாட்டிக்கிட்டு கப்பல் துறைக்கு நடந்து போயிடலாம். டின்னு சுடும், வெரல் சுடாது. குடிச்ச பொறவு டின்ன என்னா செய்யுவோம்? ஆணி போட்டு வெப்போம், வெத்தல எச்சி துப்புவோம், செடி நடுவோம். அப்புறம் பிளாஸ்டிக் பை வந்துச்சு. சுடச்சுட தேத்தண்ணிய ஊத்தி ஓரத்துல கட்டிக் குடுப்பான், ஈக்காட் தெப்பி. அது உடம்புக்கு ஆகாதுன்னு நீங்க சொல்றீங்க. அதுல நான் உங்க கட்சிதான்.

நிபோங் தெபால் பக்கம் தோட்டத்துல எங்க ஆத்தா இருட்டுலயே பால் வெட்டப் போகும். இடுப்புல கத்தி, கையில ஒரு கண்ணாடிப் போத்தல். அதுல வரத் தேத்தண்ணி. மூடி கெடையாது. பழைய பேப்பரச் சுருட்டி வாயில அடைச்சிருக்கும். பத்து மணிக்கு மரத்தடியில குந்தி, பால் பிசுக்குக் கையோட அந்தப் பேப்பர உருவிக் குடிக்கும். அது சூடா, ஆறினதான்னு கேக்க அங்க எவன் இருந்தான்? கங்காணி கேட்டானா? அதுக்காக நீயும் அப்படிக் குடின்னு நான் சொல்ல மாட்டேன். ஆத்தா பட்ட பாடு ஆத்தாவோட போகட்டும். ஆனா 57 டிகிரி இல்லன்னா என் காலை கெட்டுப் போகுதுன்னு யாராச்சும் என் காதுபட சொன்னா, எனக்குச் சிரிப்பு வரும். அடக்க மாட்டேன்.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு சொல்லி வெச்சாங்க பெரியவங்க. சும்மாவா சொன்னாங்க? 2016ல உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சிக்காரங்க பிரான்சுல கூடி, 65 டிகிரிக்கு மேல சுடச்சுடக் குடிக்கிறது உணவுக்குழாய்ப் புத்துக்குக் காரணமாகலாம்னு எழுதி வெச்சாங்க. கோப்பி மேல குத்தம் இல்லையாம், சூட்டு மேலதான் சந்தேகமாம். அந்தக் கலிபோர்னியாக் கோப்பைகூட 65 வரைக்கும் போகாம நிக்குது. அந்த மட்டும் புத்திசாலி. ஆனா ஆத்திக் குடிடா, அவசரப்படாதடான்னு ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பாட்டி கூட்டம் போடாமயே சொல்லிட்டா.

இப்ப விசயத்துக்கு வர்றேன். காதத் தொறந்து கேளு. உன் கோப்பி ஏன் ஆறுது? கோப்பை சரியில்லாததால இல்ல. நீ குடிக்காததால! ஒரு கோப்பை கோப்பி குடிக்க எவ்வளவு நேரம்? கால் மணி நேரம் இருக்குமா? அந்தக் கால் மணிய நீ கோப்பிக்குக் குடுக்கல. மீட்டிங்குக்குக் குடுத்தே. வாட்ஸ்அப்புக்குக் குடுத்தே. எவனோ ஒருத்தன் போட்ட ரீல்சுக்குக் குடுத்தே. நடுவுல ஞாபகம் வந்து ஒரு வாய் வெச்சா ஆறிப்போயிருக்கு. உடனே கோப்பை மேல பழி.

கோப்பி ஆறுறது கோளாறுன்னு உனக்கு எவனோ சொல்லிக் குடுத்துட்டான். அது உனக்கு அடிக்கிற மணி, தம்பி. 'எந்திரி, நிமிந்து உக்காரு, எதிர்ல இருக்கிறவன் மூஞ்சியப் பாரு, குடி'ன்னு அது கூப்புடுது. அந்த மணிய நிறுத்தத்தான் நீ 300 வெள்ளி குடுக்குறே. ஒண்ணரை மணி நேரம் கோப்பி காத்துக் கெடந்தா லாபம் யாருக்கு? உனக்கா? உன் முதலாளிக்கு! நீ எந்திரிக்கவே மாட்டே. கோப்பிக் கடைப் பெரிசு ஒரு கோப்பிய வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கான்னு கேலி பண்றீங்களே, அவன் மொதக் கால் மணியிலயே கோப்பியக் குடிச்சு முடிச்சுட்டான். மிச்ச நேரம் அவன் குடிக்கிறது ஊர்க்கதை. அது ஆறவே ஆறாது.

அதுக்காக அந்தக் கோப்பையே வேணாம்னு நான் அடிச்சுச் சொல்லல. ராத்திரி முழுக்கக் காவலுக்கு நிக்கிற ஜாகா வாங்கினா நியாயம். கைப்பிள்ளைக்காரி வாங்கினா அதுவும் நியாயம். அவ ஒரு வாய் குடிக்குமுன்ன மூணு தடவ எந்திரிக்கணும். கை நடுங்குற பெரியவரு, மெதுவாத்தான் உறிஞ்ச முடியும், அவருக்கு யாராச்சும் வாங்கிக் குடுத்தா புண்ணியம். ஆனா இவங்க யாரு கையிலயும் நான் அந்தக் கோப்பையப் பாக்கல. கையும் காலும் நல்லா இருக்கிறவன் கையிலதான் பாக்குறேன். அவனும் அதுல கோப்பி குடிக்கிறானா, இல்ல மேசையில வெச்சுப் படம் எடுத்துப் போடுறானா? அத நீதான் சொல்லணும்.

சரி சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. வாங்கினது வாங்கியாச்சு. வித்தா பாதி வெலகூடத் தேறாது. சார்ஜ் தட்டுல ஊதுவத்தி ஸ்டாண்ட வெச்சுக்க. கோப்பையில பேனா போட்டு வெய்யி, நல்லாத்தான் இருக்கும். நாளைக்குக் காலையில ஹேண்ட்போன வீட்டுல வெச்சுட்டு டிரான்ஸ்பர் ரோட்டுக்கு வா. அஞ்சடி நடையில முக்காலி போட்டிருப்பான். ரொட்டிச் சானாய் சொல்லு, கோப்பி சொல்லு, ஆறுறதுக்குள்ள குடி. எனக்குக் கோப்பி ஓ கொசோங், எனக்கு இனிப்பு ஆகாது. காசு நீதான் குடுக்கணும். கோப்பைக்கே 300 வெள்ளி குடுத்த மகராசனுக்குக் கெழவன் கோப்பிக்கு ரெண்டு வெள்ளி பெருசா?